அரிசி நாடும் கோதுமை நாடும்

சீலியாக் என்று ஒரு நோய். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் வயிற்றுக்குள் போனால், உடம்பின் நோய் எதிர்ப்பு சக்தியே சிறுகுடலைத் தாக்கும். சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்துபோகும். இதைக் குணமாக்க மருந்து இல்லை. ஆயுசு முழுக்கக் குளூட்டனைத் தவிர்ப்பதுதான் வைத்தியம். "துளி சாப்பிட்டால் என்ன ஆகிவிடும்" என்று யாரும் தயவுசெய்து வற்புறுத்தாதீர்கள். குளூட்டன் இல்லாத உணவு என்று பொட்டலத்தில் அச்சிடப் பல நாடுகள் அனுமதிக்கும் உச்ச அளவே கிலோவுக்கு 20 மில்லிகிராம்தான்.

இந்த நோய் உள்ள பிள்ளை ஜப்பானுக்குப் போகிறது என்றால், "அங்கே சோறுதானே, பயமில்லை" என்போம். இத்தாலி என்றால், "பீட்சாவும் பாஸ்தாவும் தின்கிற ஊராச்சே" என்று கவலைப்படுவோம். உண்மை நிலவரம் இதற்கு நேர்மாறு.

ஜப்பானில் சோறு தாராளமாகக் கிடைக்கும். ஆனால் கூடவே சோயா சாஸ் வரும். வழக்கமான ஜப்பானிய சோயா சாஸில் சோயாவோடு கோதுமையும் சேர்த்துத்தான் புளிக்க வைக்கிறார்கள். மீன் வறுவலில், குழம்பில், சாலட்டுக்கு ஊற்றும் கலவையில் எல்லாம் அது இருக்கும். சுஷி கடையில் சமையல்காரரே மீன்மேல் சாஸைத் தடவித் தருவதும் உண்டு. பார்த்தால் வெறும் சோறும் மீனும்தான். சோபா நூடுல்ஸ் வேறொரு தானியம் என்று நம்பி வாங்கினால், பெரும்பாலும் அதிலும் கோதுமை மாவு கலந்திருக்கும். கோடையில் தண்ணீருக்குப் பதிலாக வைக்கும் 'முகிச்சா' வறுத்த பார்லியில் போட்ட டீ. பொட்டல உணவில் கோதுமை இருந்தால் கட்டாயம் குறிப்பிட வேண்டும் என்கிறது ஜப்பானியச் சட்டம். அந்தக் கட்டாயப் பட்டியலில் பார்லி கிடையாது. உணவகங்களுக்கு அந்தக் கட்டாயமும் இல்லை.

இத்தாலியில் 2005-லேயே சீலியாக் நோயாளிகளுக்கென்று தனிச் சட்டம் வந்துவிட்டது. குளூட்டன் இல்லாத உணவு வாங்க அரசு மாதாமாதம் உதவித்தொகை தருகிறது. 'சென்சா குளூட்டினே' என்று கேட்டால் பரிமாறுகிறவருக்குச் சட்டென்று புரியும். ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2014 டிசம்பரிலிருந்து, பொட்டலத்தில் வராத உணவுக்கும், அதாவது ஓட்டல் சாப்பாட்டுக்கும், ஒவ்வாமைப் பொருள்களைச் சொல்லியாக வேண்டும். தன் ஊர்ச் சாப்பாட்டிலேயே ஆபத்து இருக்கிறது என்று ஒரு நாடு உணர்ந்து செய்த ஏற்பாடு இத்தாலியின் சட்டம். எனக்கு அதன்மேல் மிகுந்த மரியாதை உண்டு.

அங்கும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. பாஸ்தாவை எந்தத் தண்ணீரில் வேகவைத்தீர்கள்? சாதாரண பாஸ்தா வெந்த அதே தண்ணீர் என்றால், குளூட்டன் இல்லாத பாஸ்தா வாங்கியும் பயனில்லை. பொரிக்கிற எண்ணெய்க்கும் இதுவே கதை. ஆகவே "இதில் கோதுமை இருக்கிறதா" என்பதோடு நிறுத்தாமல், எதில் வெந்தது, எதில் பொரித்தது என்றும் கேளுங்கள். போகிற நாட்டு மொழியில் ஓர் அட்டை எழுதிக் கையோடு வைத்திருங்கள். சோயா சாஸ், பார்லி, பொதுவான எண்ணெய்ச்சட்டி என்று பேர் சொல்லி எழுதியிருக்க வேண்டும். அது சமையல்கட்டு வரை போக வேண்டும். விமானச் சாப்பாட்டை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அப்படியும் கையில் கொஞ்சம் அவல், கடலை மிட்டாய் இருக்கட்டும்.

கடைசியாக, வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊரிலிருந்து இப்படி ஒரு விருந்தாளி வந்தால், "இட்லி சாம்பார்தானே" என்று இருந்துவிடாதீர்கள். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ சேர்ந்திருக்கும். சாம்பார், ரசம், ஊறுகாய் மூன்றிலும் அது விழும். தாளிக்கும் முன் பெருங்காய டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். மாவு இருந்தால் அன்றைக்குப் பெருங்காயம் இல்லாமலே சமையுங்கள்.