பாதை பூட்டிய ஊரில் ஒரு திறந்த உலகம்



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டதும் "இதற்கும் இலக்கியத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று உங்களில் சிலர் வானொலியை நிறுத்திவிடவும் கூடும். கொஞ்சம் பொறுங்கள். கொம்பியூட்டரில் இளம்பிள்ளைகள் விளையாடும் வீடியோ கேம்களைப் பற்றியே பேசப் போகிறேன். அவற்றுள்ளும் 'திறந்த உலக' விளையாட்டுகள் என்று சொல்லப்படும் வகையைப் பற்றி. இணையத் தொடர்பு இல்லாமலே விளையாடக்கூடியவை பற்றி.

2006ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் முகமாலையில் சண்டை தொடங்கி ஏ9 பாதை பூட்டப்பட்டது. அப்பொழுது நான் கொக்குவிலில் தங்கையின் வீட்டில் இருந்தேன். 2002இல் பாதை திறந்தபோது கொழும்பிலிருந்து வந்த பொருட்களோடு வந்தது அந்த வீட்டுக் கொம்பியூட்டர். மருமகனுக்குப் பதின்மூன்று வயது. ஊரடங்கு வேளையில் படலைக்கு வெளியே போக முடியாது. இணையம் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கவில்லை. மின்சாரம் இருக்கும் சில மணி நேரத்தில் அவன் அந்தப் பெட்டிக்கு முன்னால் குந்திவிடுவான். கைமாறிக் கைமாறி வந்த டீவீடி ஒன்று. அதன்மேல் பேனையால் எழுதிய பெயர், சான் அன்ரியாஸ்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். பற்றறி கிடைக்காத காலம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வரும் மின்சாரத்தில் மற்றவர்கள் வானொலி கேட்போம். அந்நாளில் வெளியுலகம் எங்களிடம் காற்றில் வந்தது. மருமகனுக்கு அது ஒரு தட்டில் வந்தது. இரண்டிலும் பாதை தேவைப்படவில்லை.

திறந்த உலகம் என்றால் என்ன? வழக்கமான விளையாட்டில் முதற்கட்டம், இரண்டாம் கட்டம் என்று ஒரே ஒழுங்கையால் நடந்து போக வேண்டும். இதில் அப்படியல்ல. ஒரு நாட்டையே விரித்து வைத்து "நீ விரும்பிய பக்கம் போ" என்று விட்டுவிடுகிறார்கள். கதை ஒரு மூலையில் காத்திருக்கும். நீங்கள் கடற்கரையில் சைக்கிள் ஓடிக்கொண்டு திரியலாம். ஆற்றுப்படை நூல்களில் பரிசில் பெற்று வருபவன் எதிர்ப்படுபவனுக்கு வழி சொல்லுவான் அல்லவா? வழி சொல்லுகிறவனையும் வைத்துவிட்டு, அவன் சொன்ன வழியால் போகாமலும் விடலாம் என்ற உரிமையையும் தந்தால் எப்படியிருக்கும்? அதுதான் இது.

இந்த வகைக்கு முன்னோடி 1984இல் டேவிட் பிறேபன், இயன் பெல் என்ற இரண்டு கேம்பிறிட்ஜ் மாணவர்கள் செய்த 'எலைட்'. வெறும் 32 கிலோபைற் நினைவகம் கொண்ட இயந்திரத்தில் அவர்கள் எட்டு விண்மீன் மண்டலங்களை, ஒவ்வொன்றிலும் 256 உலகங்களோடு, அடக்கிவிட்டார்கள். அத்தனையையும் எழுதி வைக்க இடமேது? ஒரு தொடக்க எண்ணையும் ஒரு கணக்கு விதியையும் மட்டும் வைத்தார்கள். ஓர் உலகத்தின் பெயரும் அங்குள்ள சந்தை விலையும் தேவைப்படும்போது விதி அதைப் பெற்றுத் தரும். எத்தனை முறை போனாலும் அதே உலகம் அதே இடத்தில் இருக்கும். வெளியிலிருந்து ஒரு துரும்பும் வரவேண்டியதில்லை.

2004இல் வந்த சான் அன்ரியாசின் உத்தி வேறு. அந்த நாட்டின் பரப்பு சுமார் 36 சதுர கிலோமீற்றர். முழுவதும் தட்டில் இருக்கும். நீங்கள் போகப் போக முன்னால் வரும் தெருவைத் தட்டிலிருந்து எடுத்து அடுக்கும்; பின்னால் விட்ட தெருவைக் கழற்றிவிடும். எங்கள் பெட்டி பழையது. கார் வேகமாகப் போனால் வீடுகள் பிந்தித்தான் முளைக்கும். "மாமா, கொஞ்சம் பொறுங்கோ, ஊர் வருகுது" என்பான் மருமகன்.

இனி நான் சொல்ல வந்த விசயத்துக்கு வருகிறேன். இந்த வரிசையிலேயே இரண்டு வருடம் முந்திய 'வைஸ் சிற்றி' என்ற விளையாட்டும் அவனிடம் இருந்தது. அதில் தொடக்கத்தில் ஒரு தீவில்தான் நிற்பீர்கள். மற்றத் தீவுக்குப் போகும் பாலங்கள் மறிக்கப்பட்டிருக்கும்.

"மாமா, பாலம் பூட்டிக் கிடக்கு" என்றான் ஒருநாள்.

"ஏனாம்?"

"புயல் வருகுதாம்."

நானும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சான் அன்ரியாசிலும் முதலில் ஒரு பகுதிதான் திறந்திருக்கும். மீறி அப்பால் போனால் திரையின் மேல் மூலையில் நான்கு நட்சத்திரம் எரியும். பொலிஸ் துரத்திச் சுடும். கதையை நடத்தி முடிக்க முடிக்கப் பாதை திறக்கும். விளையாட்டில் பாதை பூட்டுவது ஓர் உத்தி என்பது விளங்குகிறது. ஆனால் அதை அந்தக் கிழமைகளில், திருகோணமலைக்குக் கப்பலில் போக 'பாஸ்' எடுக்க வரிசையில் நின்றுவிட்டு வந்து பார்த்தவனுக்கு அது வெறும் உத்தியாகத் தெரியவில்லை.

2007 பெப்ரவரியில் எங்கள் அம்மா காலமானார். தம்பி ரொறன்ரோவில். அவன் வர வழியில்லை. தொலைபேசியில் அவன் அழுததை மட்டும் கேட்டோம். கொள்ளி நான் வைத்தேன். அந்தியேட்டி முடிந்து சில நாளுக்குப் பிறகு மருமகன் விளையாட்டைப் புதிதாகத் தொடங்கினான். பின்னால் கதிரையில் இருந்து நானும் பார்த்தேன். விமானத்திலிருந்து ஒரு கறுப்பின இளைஞன் இறங்குகிறான். ஐந்து வருடத்துக்குப் பிறகு ஊர் திரும்புகிறான்.

"ஏன் வாறான்?" என்று கேட்டேன்.

"தாயின்ர செத்தவீட்டுக்கு, மாமா" என்றான், திரும்பிப் பாராமல்.

அந்தக் கதை நடக்கும் ஆண்டு 1992. அதே 1992இல் நாங்கள் கொம்படி, ஊரியான் வெளியால் சேற்றில் நடந்தோம். பிறகு கிளாலிக் கடலை இரவில் வள்ளத்தில் கடந்தோம். எழுதியவர்களுக்கு எங்களைத் தெரியாது. ஆனாலும் தாயின் சாவுக்கு வந்து சேர்ந்த ஒருவன், தமையனிடம் "இவ்வளவு நாளும் எங்கே போனாய்" என்று பேச்சு வாங்குகிறானே, அந்த இடத்தில் நான் எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

இதை வைத்து இந்த விளையாட்டை உயர்ந்த இலக்கியம் என்று நான் சொல்ல வரவில்லை. அதில் கொலையும் கொள்ளையும் நிறைய. அது வளர்ந்தவர்களுக்கென்றே வகுக்கப்பட்டது. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அதைக் கொடுத்தது எங்கள் தவறுதான். வெளியே அதைவிட மோசமாக நடந்துகொண்டிருந்தது என்பது நாங்கள் அன்று எங்களுக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம். அவன் அதில் சுட்டதைவிட ஓடித்திரிந்ததே அதிகம். மலையேறுவான், ரயிலைத் துரத்துவான், பாலைவனத்தில் பொழுதுபடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

நல்ல கதையுள்ள திறந்த உலகங்களும் உண்டு. 2015இல் வந்த 'விட்சர் 3' அன்ட்ரெஜ் சப்கோவ்ஸ்கி என்ற போலந்து எழுத்தாளரின் கதைகளிலிருந்து பிறந்தது. 2017இல் ஜப்பானின் நின்ரென்டோ வெளியிட்ட 'செல்டா' விளையாட்டில் தொடக்கப் பீடபூமியை விட்டு இறங்கியதுமே கடைசிக் கோட்டைக்கு நேரே போகலாம், உயிரோடு திரும்புவீர்களோ தெரியாது. இவை இரண்டையும் இணையமின்றியே விளையாடலாம். 2022இல் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றதே, அப்போது இணையக் கோபுரங்களும் சோர்ந்துபோக, மடிக்கணினியில் மின்சாரம் மிஞ்சியிருந்தவரை பெடியன்களுக்குக் கைகொடுத்தவை இத்தகையவைதான்.

மற்ற வகைக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். 2014இல் 'த குறூ' என்ற காரோட்ட விளையாட்டு வந்தது. அமெரிக்கா முழுவதையும் சுருக்கிக் கரையிலிருந்து கரைவரை ஓடவிட்டார்கள். தனியே விளையாடினாலும் நிறுவனத்தின் கணினியோடு தொடர்பு இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 2024 மார்ச் 31ஆம் திகதி யுபிசொஃப்ட் நிறுவனம் அந்தக் கணினிகளை நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்களுக்கும் அந்த நாடு இல்லாமற் போயிற்று. இதை எதிர்த்து ஐரோப்பாவில் பெரிய இயக்கமே எழுந்தது. பத்திரிகையில் அதைப் படித்தபோது எனக்கு வியப்பு வரவில்லை. எங்கோ இருக்கும் ஒருவர் பூட்டினால் பூட்டிவிடும் பாதை என்னவென்று எங்களுக்குத் தெரியும்.

மருமகன் இப்போது லண்டனில். போன வருடம் வந்தபோது சங்குப்பிட்டிப் பாலத்தால் என்னைப் பூநகரிக்கு ஏற்றிப்போனான். 2011இல் திறந்த பாலம். பாஸ் கேட்பார் இல்லை. திரும்பி வந்து அலுமாரியைக் கிண்டி அந்த டீவீடியை எடுத்துவிட்டான். எழுத்து மங்கியிருந்தது. அவனுடைய புது மடிக்கணினியில் தட்டுப் போடும் வாயே இல்லை. பழைய பெட்டியைத் திருத்தலாமா என்று கேட்க அடுத்த நாள் அதைத் தூக்கிக்கொண்டு ரவுணுக்குப் போனான். கடைக்காரர் ஒரு கிழமை தவணை கேட்டார். அவனுக்கு நான்கு நாள்தான் லீவு இருந்தது. பெட்டியும் தட்டும் இப்போது என்னிடம் இருக்கின்றன. வேலை செய்கிறது.