கை சொல்லும் உபசரிப்பு

 

நம் கல்யாண விருந்தில் ஒரே சஹனைச் சுற்றி உட்காருகிறோம். நல்ல கறித்துண்டைப் பக்கத்திலிருப்பவர் பக்கம் தள்ளி வைப்பது நம் உபசரிப்பு. மலாய் வீட்டில் சலாம் கொடுத்த கை நெஞ்சைத் தொடுகிறது. சீனப் புத்தாண்டுக்குப் போனால் ஒரு ஜோடி மாண்டரின் ஆரஞ்சை இரு கைகளாலும் கொடுக்கிறோம். வீட்டார் பதிலுக்கு ஒரு ஜோடி தருகிறார்கள். நல்லது ஜோடியாக வரும் என்பது அவர்கள் நம்பிக்கை.

இதில் நாம் தவறியதும் உண்டு. முன்பொரு பண்டிகையில் சீன அண்டை வீட்டம்மா பலகாரத் தட்டை நீட்டினார். ஹலால் இல்லையென்று தெரிந்ததும் புறங்கையால் தள்ளிவிட்டோம். அவர் முகம் வாடிப்போனது. உண்ணாமல் இருந்ததில் தவறில்லை. தள்ளிய விதத்தில்தான் தவறு.

மலாய்க்காரர்களிடம் ‘ஜாமாஹ்’ என்றொரு பழக்கம் உண்டு. வயிறு நிறைந்திருந்தாலும் ஒரு வாய் ருசிப்பார்கள், அல்லது தட்டை விரலால் தொடுவார்கள். உங்கள் அன்பை ஏற்றுக்கொண்டேன் என்று அதற்குப் பொருள்.

நாமும் நெஞ்சில் கை வைத்து, சிரித்த முகத்தோடு காரணத்தைச் சொல்லி, ஒரு பழமாவது கேட்டு வாங்குவோம். நம் நோன்புக் கஞ்சியை அவர்களுக்கு இரு கைகளாலும் கொடுப்போம். பிள்ளைகள் நம் கையைப் பார்த்துத்தான் கற்கிறார்கள்.