இழிசொல்லும் தன்மானமும்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழில் ஒருவரை அழைப்பதற்கு மூன்று படிகள் உண்டு. 'வா' என்பது ஒரு படி. 'வாரும்' என்பது நடுப்படி. 'வாங்கோ' என்பது மேற்படி. நீ, நீர், நீங்கள் என்று இலக்கணத்தில் எழுதிவிட்டால் இது சிறிய விடயம் போலத் தோன்றும். ஆனால் யார் யாரை எந்தப் படியில் நிறுத்தினார்கள் என்று கேட்டுப் பார்த்தால் இந்தக் குடாநாட்டின் நூறு வருடச் சமூக வரலாறு வெளியே வந்துவிடும். ஒரு மக்கள் கூட்டத்தை இழிவு செய்வதற்கென்று பிறர் சூட்டிய சொல்லை அந்த மக்கள் என்ன செய்தார்கள், இலக்கியம் அதை எப்படிக் கையாண்டது என்பதுதான் இன்றைய உரையின் பொருள்.

நான் சிறுவனாக இருந்த காலத்தில் எங்கள் ஊரில் கள்ளுச் சீவும் முதியவர் ஒருவர் இருந்தார். எழுபது வயதிருக்கும். ஏழு வயதுப் பொடியனும் அவரைப் பெயர் சொல்லி 'வா, போ' என்பான். அவர் அந்தப் பொடியனை 'நயினார்' என்பார். பொடியனின் தாய் அவருக்கு 'நாச்சியார்'. பெயரிலும் வேறுபாடு இருந்தது. முருகனுடைய பெயரை மேற்சாதிக்காரர் வைத்தால் கந்தையா, வேலுப்பிள்ளை. ஒடுக்கப்பட்டவர் வைத்தால் கந்தன், வேலன். 'ஐயா' என்றும் 'பிள்ளை' என்றும் பெயரின் கடைசியில் ஒட்டும் இரண்டு எழுத்துக்குக் காணி உறுதி வைத்திருப்பவர்கள் போல உரிமை கொண்டாடினார்கள்.

'அதுகள்' என்றொரு சொல்லும் நம்மிடம் உண்டு. 'பாவம், சின்னப் பிள்ளையள், அதுகளுக்கு என்ன தெரியும்?' என்று சொல்லும்போது அதில் ஈரம் இருக்கிறது. 'அதுகளை உள்ளே விடாதேங்கோ' என்று சொல்லும்போது மனிதரை அஃறிணையாக்கும் கொடுமை இருக்கிறது. திணை மாறிய இலக்கண வழு என்று வகுப்பில் சொல்லிக் கடந்துவிடலாம். வாசலில் நிற்பவருக்கு அது வழு என்று மட்டும் கேட்டிருக்காது.

நான் சொன்ன அதே முதியவர் மாலையில் தவறணையடியில் தன் கூட்டாளிகளோடு இருப்பார். அங்கே 'வாடா மச்சான்', 'எடேய், இரடா' என்றுதான் பேச்சு. அந்த 'டா'வில் தோளில் கைபோடும் நெருக்கம் இருந்தது. பகலில் வளவுக்காரர் அழைத்த 'டா'வில் முதுகைக் குனிய வைக்கும் பாரம் இருந்தது. எழுத்து ஒன்று, ஒலி ஒன்று. வாய் மட்டும் வேறு.

இதே புதிரை அமெரிக்கக் கறுப்பின மக்கள் நெடுங்காலமாக விவாதித்து வருகிறார்கள். அடிமைத் தோட்டங்களில் வெள்ளை எசமானர் வழங்கிய ஒரு வசைச்சொல் அவர்களிடம் இருக்கிறது. அதை நான் இங்கே உச்சரிக்கவில்லை. அந்த மக்கள் தமக்குள்ளே அதைத் தோழமைச் சொல்லாகவும் கேலிச் சொல்லாகவும் வழங்குகிறார்கள். வெளியார் சொன்னால் அது அடி. தம்மவர் சொன்னால் உறவு. 'நாம் அந்தச் சொல்லின் பல்லைப் பிடுங்கிவிட்டோம்' என்பது இளைய பாடகர்களின் வாதம். மரத்தில் தூக்கிக் கொல்லப்பட்ட எத்தனையோ பேரின் காதில் கடைசியாக விழுந்த சொல் அது, அதற்கு ஏது உறவு என்பது முதியவர்களின் வாதம். மேடையில் அந்தச் சொல்லை வைத்தே புகழ் பெற்ற நகைச்சுவைக் கலைஞர் றிச்சாட் பிறையர் 1979இல் கென்யாவுக்குப் போய்வந்த பின்னர் அதை இனிச் சொல்வதில்லை என்று விட்டுவிட்டார். கறுப்பர் முகங்களே எங்கும் நிறைந்த ஒரு நாட்டில் அந்தச் சொல்லுக்கு வேலையே இல்லை என்பதை அங்கே கண்டார். 2007இல் டெற்றொயிற் நகரில் கறுப்பின மக்களின் பழம்பெரும் அமைப்பொன்று அந்தச் சொல்லைப் பெட்டியில் வைத்து ஊர்வலமாகக் கொண்டுபோய்ச் சவ அடக்கமே செய்தது. அதற்குப் பின்னரும் சொல் சாகவில்லை, விவாதமும் ஓயவில்லை.

இலக்கியத்தில் இந்த விவாதம் இன்னும் கூர்மையானது. லாங்ஸ்ரன் ஹியூஸ் என்ற கவிஞர் 1926இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், கறுப்பர்களான நாம் எங்களை வெட்கமின்றி எழுதுவோம் என்ற கருத்தை முன்வைத்தார். அடுத்த வருடம் தெருவோரத்து மனிதரின் பேச்சையும் பாட்டையும் வைத்துக் கவிதைத் தொகுதி ஒன்றை வெளியிட்டார். அதைக் கடுமையாகத் தாக்கியவர்களில் கறுப்பினப் பத்திரிகைகளே முன்னின்றன. 'எங்களை மதிக்காத வெள்ளையரின் முன்னால் எங்கள் அழுக்குத் துணியை விரிக்கிறாயே' என்பது அவர்களின் மனக்குறை. சோரா நீல் ஹேர்ஸ்ரன் என்ற பெண் எழுத்தாளர் 1937இல் தென்மாநிலக் கறுப்பரின் கொச்சையில் ஒரு நாவல் எழுதினார். வெள்ளையர் சிரித்து மகிழ்வதற்காக எழுதியது என்று அதைக் கண்டித்தவர் இன்னொரு கறுப்பின எழுத்தாளரான றிச்சாட் றைற். ஹேர்ஸ்ரன் 1960இல் வறுமையில் இறந்தார். பெயர்க்கல்லும் இல்லாது கிடந்த அவரின் புதைகுழிக்கு 1973இல் தேடிப்போய்க் கல் நாட்டியவர் எழுத்தாளர் அலிஸ் வோக்கர். இன்று அந்த நாவல் பல்கலைக்கழகங்களில் பாடநூல்.

நேயர்களே, இந்தக் கதையைக் கேட்கும்போது நம் நாட்டுக் கதை ஒன்று நினைவுக்கு வரவில்லையா?

1960களின் முற்பகுதியில் ஈழத்துத் தமிழ் இலக்கிய உலகில் மரபுப் போராட்டம் என்று பெயர் பெற்ற விவாதம் எழுந்தது. டொமினிக் ஜீவா, கே. டானியல் போன்றோர் ஒடுக்கப்பட்ட மக்களின் வாழ்வை அவர்களின் வாய்மொழியிலேயே எழுதத் தொடங்கியிருந்தனர். ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்' 1960இல் நூலாகிச் சாகித்திய மண்டலப் பரிசும் பெற்றுவிட்டது. பண்டித மரபினருக்கு இது பொறுக்கவில்லை. இது இழிசனர் வழக்கு, இழிசனர் இலக்கியம் என்றார்கள். உயர்ந்தோர் வழக்கே வழக்கு என்ற பழைய இலக்கண நியாயம் துணைக்கு அழைக்கப்பட்டது. பேராசிரியர் கைலாசபதி, சிவத்தம்பி முதலியோர் எதிர்ப்பக்கம் நின்று வாதாடினார்கள்.

'இழிசனர்' என்ற சொல்லைச் சற்று நிதானமாகப் பாருங்கள். புறநானூற்றிலேயே துடி கொட்டுபவனையும் கட்டில் பிணிப்பவனையும் குறித்து 'இழிசினன்' என்ற வடிவம் வருகிறது. உடலால் உழைப்பவனுக்கு வைத்த பெயர் பல நூற்றாண்டுகள் கழித்து அவனுடைய பேச்சுக்கும் பெயராயிற்று. பண்டிதர்கள் பழித்தது பாணியை மட்டுமா? 'இஞ்சை', 'உங்கை', 'வேண்டாமாக்கும்' என்பவை பண்டிதர் வீட்டுக் குசினியிலும் புழங்கிய சொற்கள்தாம். அடுப்படியில் ஒலித்தால் வீட்டு மொழி, ஒடுக்கப்பட்டவர் எழுதினால் இழிசனர் மொழி என்றால், இழிவு சொல்லில் இருக்கவில்லை. எழுதிய கையின் சாதியைப் பார்த்தே அது சொல்லப்பட்டது.

ஜீவா அந்த வசையை எப்படி எதிர்கொண்டார்? முடிதிருத்தும் தொழிலை மறைக்காமல், சலூனிலிருந்தே எழுதினார். அதுவே தன் சர்வகலாசாலை என்றார். 1966இல் 'மல்லிகை' சஞ்சிகையைத் தொடங்கி, தெருத் தெருவாகக் கையில் சுமந்து விற்று, 2012 வரை நடத்தினார். 2021இல் மறைந்தார். இழிவென்று காட்டப்பட்ட இடத்திலேயே நாற்காலியைப் போட்டு அமர்ந்துகொண்ட மனிதர் அவர். டானியல் 1972இல் தன் நாவலுக்கு 'பஞ்சமர்' என்றே பெயர் வைத்தார். ஒடுக்கப்பட்ட ஐந்து சாதியினரையும் ஒன்றாக ஒதுக்கிவைக்க வழங்கிய சொல், நூலட்டையில் ஏறியபோது அந்த ஐவரையும் ஒன்றுசேர்க்கும் சொல்லாக மாறியது. எழுத்தோடு அவர் நிற்கவில்லை. 1967இல் உருவான தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்திலும் களத்தில் நின்றார். 1957இல் வந்த சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் கோயிலிலும் தேநீர்க்கடையிலும் மறிப்பதைக் குற்றமாக்கியது. சட்டம் வந்து பத்து வருடம் கழித்தும் கதவைத் திறக்கப் போராட வேண்டியிருந்தது. நாக்கைத் திருத்துவதற்கோ எந்தச் சட்டமும் இல்லை. அந்த வேலை இலக்கியத்திடம் வந்து சேர்ந்தது.

வசைச்சொல்லை எடுத்து மகுடமாக்குவது ஒரு வழி. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த மார்த்தினிக் தீவின் கவிஞர் எய்மே செசெயர் 1930களில் பாரிசில் இதைத்தான் செய்தார். கறுப்பரைப் பழிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்தே 'நெகிரிற்றியூட்' என்ற இயக்கத்துக்குப் பெயர் எடுத்தார். 1972இல் பம்பாயில் மராத்தி இளைஞர்கள் அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளை முன்மாதிரியாகக் கொண்டு 'தலித் சிறுத்தைகள்' என்று தம்மை அழைத்துக்கொண்டார்கள். நசுக்கப்பட்டவர் என்ற பொருளுடைய சொல் நிமிர்ந்து நின்றது. நம் 'பஞ்சமர்' வெளிவந்ததும் அதே வருடம்.

சொல்லையே உதறி எறிவது மற்ற வழி. சென்னையில் ஒரே சமூகத்துக்குள் இந்த இரண்டு வழிகளும் எதிரெதிரே நின்றதுண்டு. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கிய பத்திரிகைக்குத் துணிந்து 'பறையன்' என்றே பெயரிட்டார். அந்தப் பெயரை மறைத்துக்கொண்டு உரிமை கேட்க முடியாது என்பது அவர் நிலைப்பாடு. அயோத்திதாசப் பண்டிதரோ அந்தப் பெயர் எதிரிகள் சூட்டியது, அதை ஏற்கவே கூடாது என்றார். அவர் 1907இல் தொடங்கிய பத்திரிகையின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. யாழ்ப்பாணத்தில் 1940களில் அமைந்த மகாசபையும் இரண்டாவது வழியையே தேர்ந்து 'சிறுபான்மைத் தமிழர்' என்று பெயர் சூட்டிக்கொண்டது. அந்தப் பெயரில் சாதி இல்லை. தமிழர் என்ற உரிமை இருக்கிறது.

இவற்றில் எது சரி என்று என்னைக் கேட்டால், இரண்டும் தன்மானத்தின் வழிகளே என்பேன். சூடுவதா எறிவதா என்று முடிவு செய்ய வேண்டியவர் அந்தச் சொல்லால் அடிபட்டவர். அடித்தவர்கள் 'அவர்களே சொல்கிறார்கள், நான் சொன்னால் என்ன?' என்று கேட்கும் உரிமை மட்டும் எந்த வழியிலும் கிடையாது.

ஆனால் மூன்றாவது வழியொன்றும் இருக்கிறது. தன்மேல் விழுந்த சொல்லைத் தனக்குக் கீழே இருப்பவன் தலையில் இறக்கிவைப்பது. பஞ்சமர் என்ற ஐந்துக்குள்ளும் மேல் கீழ் உண்டு என்பதை நாம் அறிவோம். 1958இலும் 1983இலும் தெற்கிலே 'பற தெமளா' என்ற வசவைக் காதில் வாங்கிக்கொண்டு ஓடி வந்தவர்கள் நாம். அந்த வசவு எவர் வீட்டு வாசலிலும் நின்று சாதி விசாரிக்கவில்லை. பிறகு கடல் கடந்தோம். பாரிசின் லாச்சப்பலிலும் லண்டனிலும் ரொறொன்ரோவிலும் ஆபிரிக்கரோடு ஒரே தெருவில் வாழ்ந்து, ஒரே குசினியில் கோப்பை கழுவினோம். அங்கே அந்த மனிதருக்கு நாம் வைத்த பெயர் 'காப்பிலி', 'கறுவல்'. நம் கலியாணப் பேச்சில் 'பெட்டை நல்ல வெள்ளை' என்று சொல்லும் நாக்குத்தான் அங்கேயும் பேசியது. வெள்ளைக்காரனின் கண்ணில் நாமும் அவரும் ஒரே வரிசையில் நின்றது நமக்குத் தெரியவில்லை.

'காப்பிலி' என்ற சொல்லுக்கும் நீண்ட பயணம் உண்டு. இறைமறுப்பாளரைக் குறிக்கும் 'காஃபிர்' என்ற அரபுச் சொல் போர்த்துக்கேயர் வாய்வழியே இலங்கைக்கு வந்தது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் ஆபிரிக்கரைப் படைவீரராகவும் அடிமைகளாகவும் இங்கே கொண்டுவந்தார்கள். அவர்களின் வழித்தோன்றல்கள் சிலர் புத்தளத்தை அடுத்த சிறாம்பியடியில் வாழ்கிறார்கள். போர்த்துக்கேயக் கலப்புமொழிப் பாடல்களை இன்னும் பாடுகிறார்கள். 'கஃபிரிஞ்ஞா' என்ற இசைவகை அவர்கள் பெயரால் வழங்குகிறது. நாம் கைதட்டி ஆடும் பைலாவின் ஊற்றுகளில் அதுவும் ஒன்று. அந்த மக்கள் தம்மை அந்தப் பெயராலேயே கூச்சமின்றிச் சொல்லிக்கொள்கிறார்கள். தென்னாபிரிக்காவிலோ அது நிறவெறியின் கொடிய வசை. 2018இல் அந்தச் சொல்லைக் கறுப்பினப் பொலிசார்மீது வீசிய ஒரு பெண்ணுக்குச் சிறைத்தண்டனையே விதிக்கப்பட்டது. புத்தளத்தில் தாமே ஏற்றுக்கொண்ட பெயர். யொகன்னஸ்பேர்க்கில் சிறைக்கு அனுப்பும் வசை. லாச்சப்பலில் நாம் சொல்லும் 'காப்பிலி' இந்த இரண்டில் எதற்குப் பக்கத்தில் நிற்கிறது என்பதை நெஞ்சைத் தொட்டு நாமே சொல்லிக்கொள்ளலாம்.

இளம் எழுத்தாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். பேச்சு மொழியில் எழுதுங்கள். அந்த உரிமை நமக்குச் சும்மா கிடைக்கவில்லை. இழிசனர் என்று ஏச்சு வாங்கியவர்கள் பெற்றுத் தந்தது. வசைச்சொல்லையும் மறைக்காதீர்கள். டானியல் மறைத்திருந்தால் அந்தக் கொடுமைக்குச் சாட்சி இல்லாமற் போயிருக்கும். ஆனால் ஒரு சொல்லை எழுதும்போது அது யாருடைய வாயிலிருந்து வருகிறது, யாருடைய காதில் விழுகிறது என்று கேட்டு எழுதுங்கள். வாசகர் அந்தக் காதுக்குரியவரின் பக்கத்தில் வந்து நிற்கும்படி எழுதினால், எந்த வசைச்சொல்லும் அங்கே தோற்றுப்போகும்.

எழுதாத நமக்கும் ஒரு வேலை உண்டு. வேலி அடைக்க வருபவரையும், தேங்காய் பிடுங்க வருபவரையும், குப்பை அள்ள வருபவரையும் 'வாங்கோ' என்று அழைப்போம். அதற்குச் சட்டமும் வேண்டாம், செலவும் இல்லை. நம் பிள்ளைகள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.