படைப்பு நம்பிக்கையும் பரிணாம அறிவியலும்

(மணவூரில் நடைபெற்ற நம் கல்விச் சங்க வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)

 

கடவுள் உலகைப் படைத்தார் என்னும் நம்பிக்கையும், உயிரினங்கள் ஒரே மூலத்திலிருந்து கிளைத்து வளர்ந்தன என்னும் அறிவியலும் ஒன்றுக்கொன்று இணங்குமா என்னும் வினாவை விழாக் குழுவினர் எமக்குத் தந்துள்ளனர். ஓய்வு நேரத்தில் பேசித் தீர்க்கும் வினா அன்று இது. நம் மாநிலப் பாடநூலில், பத்தாம் வகுப்பு அறிவியலில், உயிரின் தோற்றமும் பரிணாமமும் ஒரு பாடமாக இடம்பெற்றுள்ளது. நம் இரவுப் பாடசாலையில் அதனைப் பயிலும் பிள்ளைகளுள் ஒரு பகுதியினர் தணிகை முருகனுக்குக் காவடி எடுக்கும் வீட்டினர். மற்றொரு பகுதியினர் ஞாயிறுதோறும் ஜெபக்கூடத்திற்குச் செல்லும் வீட்டினர். இரு வீட்டுப் பிள்ளைகளும் அப்பாடத்தை மனப்பாடம் செய்து, எழுதி, மதிப்பெண் பெற்று, மறந்துவிடுகின்றனர். "இதைத் தேர்வில் எழுதினால் சாமி குற்றம் ஆகுமா?" என்று கேட்ட பிள்ளையும் உண்டு. கேட்ட பிள்ளையை நாம் மெச்சுகின்றோம். கேளாமலே எழுதிவிட்டுப் போகும் பிள்ளைகளைப் பற்றித்தான் நமக்குக் கவலை.

முதலில் நம் வாயிற்படியில் கிடக்கும் சான்றைப் பார்ப்போம். மணவூருக்கு வடகிழக்கே, காலையில் சென்று மாலையில் திரும்பிவிடக்கூடிய தொலைவில், கொசஸ்தலையாற்றுப் படுகையில் அத்திரம்பாக்கம் என்னும் சிற்றூர் உள்ளது. புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய இராபர்ட் புரூஸ் ஃபூட் என்பார் 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் பல்லாவரத்தில், மனிதன் செதுக்கிய கல் ஒன்றைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங் என்பாருடன் அத்திரம்பாக்கத்தில் அத்தகைய கற்களை மிகுதியாகக் கண்டார். டார்வினின் "உயிரினங்களின் தோற்றம்" நூல் வெளிவந்து அப்போது நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன.

இந்த ஃபூட்டின் மாமனார் யார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அவர் பீட்டர் பெர்சிவல் என்னும் பாதிரியார். யாழ்ப்பாணத்தில் சைவப் பெரியார் ஆறுமுக நாவலரின் துணைகொண்டு விவிலியத்தைத் தமிழில் பெயர்த்தவர். ஆறு நாளில் உலகு படைக்கப்பட்ட வரலாற்றைத் தமிழாக்கினார் மாமனார். அதற்குச் சைவர் ஒருவர் கைகொடுத்தார். அவ்வரலாற்றின் கால அளவுக்குள் அடங்காத கல்லைத் தமிழ் மண்ணிலிருந்து எடுத்தார் மருமகன். குடும்பம் ஒன்றும் பிளந்துபோனதாகத் தெரியவில்லை.

அக்கற்களின் வயது என்ன? சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் ஆகியோர் 1999 முதல் சில ஆண்டுகள் அங்கே அகழ்ந்து ஆராய்ந்தனர். நிலத்தின் மேல் கிடக்கும் கல்லில் விண்கதிர்கள் படுவதால் பெரிலியம், அலுமினியம் ஆகியவற்றின் அரிய வகைகள் உண்டாகின்றன. கல் மண்ணுள் புதைந்தபின் அவை இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சிதைந்து குறைகின்றன. எஞ்சியுள்ள இரண்டின் விகிதத்தை அளந்தால் கல் புதைந்த காலம் தெரியும். இம்முறையாலும், மண்ணில் பதிந்துள்ள காந்தப் பதிவினாலும் கணக்கிட்டு, மிகப் பழைய கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று 2011இல் அறிவித்தனர். அதே இடத்தில் வேறொரு வகைக் கருவித் தொழில் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கிற்று என்று 2018இல் எழுதினர்.

இதனைக் கேட்டவுடன் நம்மவர் சிலருக்கு ஓர் ஆசை பிறக்கிறது. "ஆதி" என்னும் சொல் நம் பெயரோடு சேர்ந்தே உள்ளது. ஆகவே அக்கருவி செய்தவர் நம் பாட்டனாரே என்று மேடையில் முழங்குகின்றனர். அன்பர்களே, அது பொருந்தாது. நம்மைப் போன்ற உடலமைப்புடைய மனித இனத்தின் மிகப் பழைய எலும்புகள் ஆப்பிரிக்காவில் கிடைத்தவை. அவற்றின் வயது ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுகள். அத்திரம்பாக்கத்தின் பழைய கோடரியைச் செய்த கை நமக்கு முந்திய வேறொரு மனித வகையின் கை. அந்த அகழாய்வில் மனித எலும்பு எதுவும் கிடைக்கவில்லை. தமிழர் என்றும் தெலுங்கர் என்றும், மேற்குலம் என்றும் கீழ்க்குலம் என்றும் அக்கல்லில் எழுதவில்லை. திருத்தணி எந்த மாநிலத்தைச் சேர்ந்தது என்பதே 1960இல்தான் முடிவாயிற்று. 15 இலட்சம் ஆண்டுக் கல்லுக்கு நாம் பட்டா கேட்பது எங்ஙனம்?

இனி, சமரசம் செய்வோரைப் பார்ப்போம். மீன், ஆமை, பன்றி, நரசிம்மம், குறளன் என வரும் தசாவதாரமே பரிணாமம் என்பர் சிலர். 2019இல் ஜலந்தரில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டிலேயே ஒரு துணைவேந்தர் அவ்வாறு பேசினார். மீனின் வழிவந்த உயிர் ஆமையாயிற்று என்று புராணம் கூறவில்லை. ஒரே தெய்வம் வெவ்வேறு வடிவம் எடுத்தது என்றே கூறுகின்றது. மாணிக்கவாசகர் சிவபுராணத்தில் புல் முதலாகப் பல பிறவிகளை எண்ணுவதைக் காட்டுவாரும் உளர். அஃது உயிர் உடல்விட்டு உடல் புகும் செய்தி, பக்தியின் உருக்கம். ஓர் உடலிலிருந்து மற்றோர் உடல் வழிவழியாக மாறிய கணக்கு அன்று. தொல்காப்பிய மரபியல் ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களை வகுத்தது பெருமைக்குரியதே. ஆயினும் வகுப்பது வேறு, வந்த வழியைக் காட்டுவது வேறு. பிரமனின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு, பூமியின் வயது 454 கோடி ஆண்டு. எண் நெருங்கி வருகிறதே என்பர். எண் நெருங்குவது சான்றாகாது. இவ்வாறெல்லாம் இழுத்துப் பொருத்துவதால் அறிவியலுக்கும் நன்மையில்லை, மாணிக்கவாசகருக்கும் நன்மையில்லை.

கிறித்தவ உலகம் இவ்வினாவோடு நெடுநாள் போராடிற்று. உலகம் கி.மு. 4004இல் படைக்கப்பட்டது என்று 17ஆம் நூற்றாண்டில் அயர்லாந்துப் பேராயர் அஷ்ஷர் கணித்தார். அக்கணக்கை இன்றும் விடாத சபைகள் உண்டு. மறுபுறம், பரிணாமம் வெறும் ஊகத்திற்கு மேற்பட்டது என்று போப் இரண்டாம் ஜான் பால் 1996இல் கூறினார். டார்வின் தம் நூலின் இரண்டாம் பதிப்பில், 1860இல், உயிர் முதன்முதல் ஊதப்பட்ட இடத்தில் படைத்தவரின் பெயரைச் சேர்த்தார்; முதற்பதிப்பில் அது இல்லை. பிற்காலத்தில் கடவுள் உண்டு இல்லை என்று அறிய இயலாதவன் என்றே தம்மைக் குறிப்பிட்டுக்கொண்டார். அவரைத் தம் பக்கம் இழுக்க இரு தரப்பாருக்கும் எளிதன்று.

நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. எந்தப் படைப்பு? அந்தப் படைப்பு வரலாறு மனிதனைப் பற்றி என்ன கூறுகின்றது?

ஆதாம் ஏவாள் என்னும் ஒரே இணையிலிருந்து மாந்தர் அனைவரும் வந்தனர் என்று விவிலியமும் குர்ஆனும் கூறுகின்றன. ஆறு நாள் என்பதை எழுத்துக்கு எழுத்து கொண்டால் அது அறிவியலோடு மோதும். ஆனால் மாந்தர் அனைவரும் ஒரே குடி என்னும் கருத்து அறிவியலோடு மோதாது. இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டிலத்தில் உள்ள புருஷ சூக்தம் வேறு வகையானது. அங்கே வாயினின்று பிராமணர், தோளினின்று அரசர், தொடையினின்று வைசியர், பாதத்தினின்று சூத்திரர். நமக்கு அங்கே ஓர் உறுப்பும் ஒதுக்கப்படவில்லை என்பதைக் கவனிக்க. அண்ணல் அம்பேத்கர் 1946இல் "சூத்திரர் யார்?" என்னும் நூலின் தொடக்கத்திலேயே இப்பாடலை எடுத்து வைத்து ஆராய்ந்தது காரணமின்றி அன்று. இதில் படைப்பு என்பது பிறப்பால் அமைந்த படிநிலைக்குச் சான்றிதழாக நிற்கின்றது.

இதற்கு மறுமொழி டார்வினுக்கு ஈராயிரம் ஆண்டு முன்பே சொல்லப்பட்டுவிட்டது. பிராமணக் குடியிற் பிறந்து சங்கத்தில் சேர வந்த வாசெட்டன், பாரத்துவாசன் இருவரையும் அவர்தம் குலத்தார் ஏசினர். நாங்கள் பிரமனின் வாயிற் பிறந்தோர் என்றனர். அதனைக் கேட்ட புத்தர், பிராமணப் பெண்டிரும் பூப்பெய்துவதையும் கருவுறுவதையும் பிள்ளை பெற்றுப் பாலூட்டுவதையும் யாவரும் காண்கின்றனரே என்று வினவினார். தீக நிகாயத்தின் அக்கஞ்ஞ சுத்தத்தில் இது உள்ளது. அச்சுத்தத்தில் பின்னர் வரும் உலகத் தோற்றக் கதை அறிவியல் அன்று. அதனையும் பரிணாமம் என்று நாம் இழுத்துப் பொருத்தப் போவதில்லை. ஆனால் கண்ணால் கண்டதைக் கொண்டு கதையை அளக்கும் அந்த முறை அறிவியலின் முறையே. கருவியலும் அதனையே கூறுகின்றது: தலையும் பாதமும் ஒரே கருவணுவிலிருந்து பிரிந்து வளர்கின்றன.

மரபணு ஆய்வு மேலும் கூறுகின்றது. ஐதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் ஹார்வர்டு அறிஞரும் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்நாட்டின் பழைய மக்கட் கூட்டங்கள் ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை பரவலாகக் கலந்து மணந்துள்ளன. அதன் பின்னரே அகமணம் இறுகிற்று. சாதி படைப்பில் வந்ததன்று, இடையில் போடப்பட்ட வேலி என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

டார்வினின் கல்வியைப் பற்றி ஒன்று சொல்லாமல் செல்ல மனம் வரவில்லை. பதினாறு வயதில், 1825இல், அவர் எடின்பரோவுக்கு மருத்துவம் பயிலச் சென்றார். மருத்துவம் மனத்தில் ஒட்டவில்லை. அங்கே ஜான் எட்மன்ஸ்டன் என்னும் கறுப்பரிடம் கூலி கொடுத்து, இறந்த பறவையின் தோலை உரித்துப் பதப்படுத்தும் தொழிலைக் கற்றார். எட்மன்ஸ்டன் தென் அமெரிக்காவின் கயானாவில் அடிமையாயிருந்து விடுதலை பெற்றவர். பின்னாளில் கலாபகோசுத் தீவுப் பறவைகளைப் பதப்படுத்தி இங்கிலாந்துக்குக் கொண்டுவர அத்தொழிலே டார்வினுக்கு உதவிற்று. செத்ததைத் தொட்டதற்காகவும் தோலைப் பதனிட்டதற்காகவும் நம் முன்னோரை ஊருக்கு வெளியே நிறுத்திய நாட்டில், இச்செய்தியை நம் பிள்ளைகள் பாடத்தோடு சேர்த்து அறிய வேண்டும்.

அதற்காகப் பரிணாமத்தின் பெயரால் பேசப்பட்டவை எல்லாம் நமக்கு நன்மை என்று கருதலாகாது. "தகுதியுடையது பிழைக்கும்" என்னும் தொடரை 1864இல் ஆக்கியவர் ஸ்பென்சர். அதனைக் கொண்டு ஏழ்மையையும் அடிமைத்தனத்தையும் இயற்கை நீதி என்றவர்கள் பலர். ரிஸ்லி என்னும் ஆங்கில அதிகாரி மூக்கை அளந்து குலத்தின் உயர்வு தாழ்வைக் கூற முயன்றார். உடலளவுக் கணக்குகளையே கையில் எடுத்து, பிராமணரும் தீண்டப்படாதாரும் வெவ்வேறு இனத்தவர் அல்லர் என்று அம்பேத்கர் 1948இல் காட்டினார். இன்றும் இடஒதுக்கீட்டை எதிர்ப்போர் வாயில் "தகுதி" என்னும் சொல் டார்வினின் சாயலோடு வருகின்றது. உயிரியலில் தகுதி என்பது வாழும் சூழலில் நிலைத்துச் சந்ததி விடுதல் மட்டுமே. அவ்வகையில் கரப்பான்பூச்சிக்கு நிகரான தகுதியாளர் நம் நாட்டில் அரியர்.

ஆக, எம் விடை இது. உலகிற்கு ஒரு காரணர் உண்டு, அவரிடம் நன்றி செலுத்துகின்றோம் என்று நம்புவோர் பரிணாமத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. எவ்வாறு, எவ்வளவு காலத்தில் என்னும் வினாக்களை அகழ்வாருக்கும் ஆய்வாருக்கும் விட்டுக்கொடுக்க அவர்கள் ஒருப்பட வேண்டும், அவ்வளவே. நம்பாதோரும் நம் சங்கத்தில் உளர். அவர்களுக்கு இச்சிக்கலே இல்லை. பிறவியிலேயே ஒருவன் தலை, ஒருவன் கால் என்று கூறும் படைப்புக்கும் பரிணாமத்திற்கும் மட்டும் எந்த உடன்பாடும் இயலாது. அதனை உருவகம் என்று விளக்கிக் காப்பாற்ற முனைவோரிடம், அந்த உருவகத்தால் யாருக்கு நிலம் கிடைத்தது, யாருக்குக் கிணறு மறுக்கப்பட்டது என்று கேளுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். டார்வின் கொள்கை தவறு என்று 2018இல் ஒன்றிய அமைச்சர் ஒருவர் பேசினார். தேசியப் பாடநூலின் பத்தாம் வகுப்பில் "மரபும் பரிணாமமும்" என்றிருந்த பாடம் 2023இல் "மரபு" என்று குறுகிற்று. 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாரும் ஆசிரியரும் கையொப்பமிட்டு அதனைக் கண்டித்தனர். நம் பாடநூலில் பாடம் இருக்கின்றது. நேரமில்லை என்றோ, வீட்டார் வருந்துவர் என்றோ அதனைத் தாண்டிச் செல்லாதீர்கள். பிள்ளை கேட்டால் மேலே சொன்னவற்றைச் சொல்லுங்கள்; வீட்டார் கேட்டால் அவர்களையும் அழைத்து அமர்த்திச் சொல்லுங்கள்.

தொல்லியல் துறை 1985இல் பூண்டியில் அமைத்த அருங்காட்சியகத்தில் இப்பகுதிக் கற்கருவிகள் வைக்கப்பட்டுள்ளன. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை அங்கும், அங்கிருந்து அத்திரம்பாக்கத்திற்கும் அழைத்துச் செல்லச் சங்கம் ஒரு பேருந்து அமர்த்த வேண்டும் என்று செயலாளரைக் கேட்டுக்கொள்கின்றோம். பெற்றோரும் வரலாம். முள் மிகுந்த நிலம். காலணியின்றி எவரும் வரவேண்டா. கல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள், விளிம்பைத் தடவிப் பாருங்கள், எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.