களத்தில் எழுந்து அரங்கில் ஆடும் காளி

நாடகத்துக்குக் காட்சித் திரை தீட்டுவோர், ஆட்டம் முடியும்வரை அது நிலைத்திருத்தல் வேண்டும் என்றே விரும்புவர். ஆட்டம் தொடங்குமுன்பே அழிக்கப்படும் ஓவியம் ஒன்று நாடகத்துக்கு எங்ஙனம் பயன்படும்? நேயர்கள் இதனை அறிய, கேரள நாட்டின் முடியேற்றுக் கூத்தினை நோக்குதல் தகும்.

பெரியாறு, சாலக்குடிப்புழை, மூவாற்றுப்புழை என்னும் ஆறுகளை அடுத்த ஊர்களிலே, அறுவடைக்குப் பின்னர், பத்திரகாளி கோயில்களில் நிகழ்வது இக்கூத்து. தாரிகன் என்னும் அசுரனைக் காளி வதைத்த கதையே இதன் பொருள்.

முதலில் நிகழ்வது களமெழுத்து. 'எழுதுதல்' என்பதற்கு ஓவியந் தீட்டுதல் என்ற பொருள் பழந்தமிழிலும் உண்டன்றோ? நோன்பிருந்த கலைஞர் கோயில் நிலத்திலே காளியின் பேருருவை எழுதுவர். தூரிகை கிடையாது. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே பொடியை நழுவவிட்டே வரைவர். வெண்மைக்கு அரிசிமா, மஞ்சளுக்கு மஞ்சட்பொடி, கருமைக்கு உமிக்கரி, பச்சைக்கு இலைத்தூள். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தாற் செந்நிறம் பிறக்கும். பல மணி நேர உழைப்பிலே, நிலத்தில் தேவி துயில்வது போன்ற தோற்றம் உருவாகும்.

பின்னர் பாட்டினால் தேவியை அவ்வுருவில் எழுந்தருளச் செய்வர். பாட்டு முடிந்ததும் களத்தை அழித்துவிடுவர். அத்தனை உழைப்பும் வீணாயிற்றா? இல்லை. நிலத்திலிருந்த தேவி ஆடுவோனிடம் சென்றாள் என்பதே அடியார் நம்பிக்கை. களத்தில் வெண்மை தந்த அரிசிமாவே, சுண்ணாம்புடன் குழைந்து, காளி வேடத்தானின் முகத்தில் வெண்புள்ளிகளாக அமைகின்றது. மரத்தாலான பெருமுடியை அவன் தலையில் ஏற்றதும் ஓவியம் நடக்கத் தொடங்குகின்றது. தீவட்டி ஒளியிலே, கூட்டத்தை ஊடறுத்துத் தாரிகனைத் துரத்துகின்றது. கண்டிருப்போரும் அக்களத்தின் உள்ளேயே நிற்கின்றனர்.

ஆதலின் களம் ஆட்டத்தின் பின்னணி மட்டுமன்று. ஆட்டம் பிறக்கும் இடமுமாகும்.

2010ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் முடியேற்றை மனிதகுலத்தின் தொட்டுணரா மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலிற் சேர்த்தது. ஆயினும் பட்டியல் மட்டும் இக்கலையைக் காத்துவிடாது. நிழற்படம் உருவத்தைக் காட்டும். விரலிடையே நழுவும் பொடியின் அளவைக் காட்டாது. அவ்வளவினை மூத்தோர் அருகே அமர்ந்து எழுதிப் பழகும் இளையோரே அறிவர். ஒவ்வொரு முறையும் அழிக்கப்படுவதனால், ஒவ்வொரு முறையும் புதிதாக எழுத வேண்டியுள்ளது. எழுதும் கைகள் உள்ளவரையே அக்களம் வாழும்.