சுட்டித் தமிழும் நிரோட்டகமும்

   

மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ அடையாற்றிலோ வளர்ந்த இருபத்தைந்து வயது இளைஞரிடம் 'டோரா, புஜ்ஜி' என்று சொன்னால் போதும். அவர் முகம் மலரும். இணைபிரியாத இருவரைக் கேலியாகச் சுட்டும் தொடராகவே அஃது இன்று வழங்குகிறது. ஒரு தொடர் மக்கள் நாவில் ஏறிவிட்டால் அதன் பிறப்பை ஆராய்தல் இலக்கிய உலகின் கடமையாகும்.

2007 ஏப்ரலில் சன் குழுமம் சுட்டி டி.வி.யைத் தொடங்கியது. அமெரிக்காவில் 2000-இல் தோன்றிய டோரா கார்ட்டூன், அதில் 'டோராவின் பயணங்கள்' என்னும் பெயரில் தமிழ் பேசிற்று. பூட்ஸ் என்ற குரங்கு புஜ்ஜி ஆயிற்று. ஸ்வைப்பர் என்ற நரி குள்ளநரி ஆயிற்று. ஆங்கிலப் பெயரை அப்படியே ஒலிபெயர்க்காமல், வீட்டில் குழந்தையைக் கொஞ்சும் பெயரைக் குரங்குக்குச் சூட்டியவர் மொழியின் நாடியறிந்தவர். அவர் பெயரை அறிந்தவர் இவ்வவையில் எத்தனை பேர்?

மொழிமாற்றம் தமிழுக்குப் புதிதன்று. கன்னட 'ஹரிச்சந்திரா'வைத் தமிழ் பேசவைத்து 1944-இலேயே வெளியிட்டார் ஏவி. மெய்யப்பன். எனினும் அக்கலையின் யாப்பைப் புலவருலகம் எண்ணிப் பார்த்ததில்லை. ஆம், அதற்கும் யாப்பு உண்டு. படம் முன்னரே வரையப்பட்டுவிட்டது. வாய் திறக்கும் நேரமும் மூடும் நேரமும் மாறா. பகரமும் மகரமும் இதழ் இரண்டும் பொருந்தப் பிறப்பவை என்று தொல்காப்பியப் பிறப்பியல் கூறும். திரையில் வாய் மூடுமிடத்தில் அவ்வெழுத்துகள் வந்தால் சொல் பொருந்தும். திறந்த வாயில் வந்தால் ஒட்டாது.

இதழ் ஒட்டாமலும் குவியாமலும் பாடுவதை நிரோட்டகம் என்று போற்றுகிறோம். சிவப்பிரகாசர் 'திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி' பாடியதை இன்றும் வியக்கிறோம். இதழோடு அத்தகைய போராட்டத்தை, அரைமணி நேரக் கார்ட்டூனுக்காக அன்றாடம் நடத்துபவரை மட்டும் 'டப்பிங் எழுதுபவர்' என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம்!

இதில் குறையும் உண்டு. மூலத் தொடரில் டோரா, ஆங்கிலக் குழந்தைக்கு ஸ்பானியச் சொற்களைக் கற்பித்தாள். தமிழ்த் தொடரில் அந்த ஆசனம் ஆங்கிலத்துக்குப் போயிற்று. தமிழ்ப் பறவைப் பெயர்களையும் மரப் பெயர்களையும் அவ்விடத்தில் வைத்திருக்கலாகாதா? கவிஞர் ஒருவர் அருகிலிருந்து கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. அழ. வள்ளியப்பா வங்கிப் பணியாற்றிக்கொண்டே குழந்தைகளுக்குப் பாடினார். 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தை உருவாக்கினார். குழந்தைகள் ஏட்டிலிருந்து திரைக்கு இடம்பெயர்ந்தபோது கவிஞர்கள் உடன் செல்லவில்லை.

அன்று சுட்டி டி.வி. பார்த்தவர்கள் வளர்ந்தும் அக்கலையைக் கைவிடவில்லை. 2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் முதன்முறையாக நடந்த சென்னை காமிக் கானில் கதைமாந்தரின் வேடம் புனைந்து திரண்டனர் இளைஞர். 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' என்னும் ஜப்பானிய அனிமேஷன் படம் தமிழ் பேசித் திரையரங்குகளுக்கு வந்தது. யூடியூபில் பழைய கார்ட்டூன் துணுக்குகளைத் தேடிப் பார்த்துச் சிரிக்கின்றனர். அவர்கள் சுவைப்பது சித்திரத்தை மட்டுமன்று, அதன் தமிழையும்தான்.

எந்திரமே மொழிபெயர்த்துக் குரலும் தரும் காலம் வந்துவிட்டது. அது நாளை உதட்டசைவையும் பிசகின்றிப் பொருத்தலாம். ஆனால் ஒரு குரங்கைப் பார்த்ததும் 'புஜ்ஜி' என்று அழைக்கத் தோன்றும் வாஞ்சை அதற்கு ஏது?

ஆதலின் பதினொன்றாம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் இவ்விலக்கிய வட்டம், தன் மாலை அமர்வுகளுள் ஒன்றை மொழிமாற்ற உரையாடல் எழுதுவோர்க்கு ஒதுக்கட்டும். அவர்கள் பெயர் பதிவாகட்டும். அவர்கள் எதிரே கவிஞர்கள் மாணவராய் அமரட்டும்; பிறகு தாமும் எழுதட்டும். இனி வரும் குழந்தைகள் திரையில் கேட்கும் முதற்றமிழ் நற்றமிழாகட்டும்.