சேர்வராயன் மலையில் நீர்க் கணக்கு
(ஏற்காட்டில் உழவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



குறிப்பேடும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு எங்கள் மாணவர்கள் உங்கள் தோட்டங்களுக்கு வந்து, "ஐயா, உங்கள் ஊற்றில் தை மாதத்தில் எவ்வளவு தண்ணீர் வரும்?" என்று கேட்டிருப்பார்கள். அது எதற்காக, அதனால் உங்களுக்கு என்ன பயன் என்பதைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

நீர்வளத்தைக் கணித மாதிரி கொண்டு கணக்கிடும் போட்டிகளுக்கு இம்மாணவர்களைத் தயார் செய்து வருகிறோம். அமெரிக்காவில் 1985 முதல் ஆண்டுதோறும் நடைபெறும் கணித மாதிரிப் போட்டி இவற்றுள் பெயர் பெற்றது. பல நாட்டு மாணவர்களும் இதில் கலந்துகொள்கின்றனர். மூவர் கொண்ட குழு, ஏறத்தாழ நான்கு நாட்களுக்குள் ஒரு வினாவுக்கு விடை எழுதித் தர வேண்டும். 2022-இல் வந்த வினாக்களில் ஒன்று, கொலராடோ ஆற்றின் இரண்டு அணைகளில் குறைந்து வரும் நீரை ஐந்து மாநிலங்கள் எவ்வாறு பங்கிட்டுக்கொள்வது என்பதாகும். காவிரி பாயும் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவா வேண்டும்?

மாதிரி என்றதும் அட்டையில் செய்த அணைக்கட்டை நினைத்துவிடாதீர்கள். இது வரவு செலவுக் கணக்கு. மழை வரவு. சரிவில் வழிந்தோடுவது, ஆவியாவது, பயிர் குடிப்பது, பாறை இடுக்குகளில் இறங்குவது ஆகியவை செலவு. மண்ணில் தங்குவது கையிருப்பு. ஓர் ஏக்கரில் 1 மி.மீ. மழை பெய்தால் அது 4,047 லிட்டர். இரண்டு அங்குல மழை, அதாவது 50 மி.மீ., ஏக்கருக்கு இரண்டு இலட்சம் லிட்டருக்கும் மேல். இதில் எவ்வளவு உங்கள் நிலத்தில் தங்கியது, எவ்வளவு ஓடையில் போயிற்று என்பதுதான் கேள்வி.

இதைக் கணக்கிட ஒரு வழியை அமெரிக்க மண் பாதுகாப்புத் துறையினர் 1950-களில் வகுத்தனர். மண், பயிர், மூடாக்கு ஆகியவற்றைப் பார்த்து நிலத்துக்கு ஓர் எண் கொடுக்க வேண்டும். எண் பெரிதானால் வழிந்தோடும் நீரும் அதிகம். சருகு மூடிய, நிழல் மரமுள்ள காப்பித் தோட்டத்துக்கு 70 என்றும், மூடாக்கற்ற வெற்றுச் சரிவுக்கு 85 என்றும் ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அதே 50 மி.மீ. மழையில் முதல் நிலத்திலிருந்து வழிவது 6 மி.மீ.க்கும் குறைவு, ஏக்கருக்குச் சுமார் 23,500 லிட்டர். இரண்டாவதில் சுமார் 79,000 லிட்டர். மழை ஒன்றுதான், மண்ணுக்குக் கொடுத்த எண் மட்டுமே மாறியது. வழிந்தோடும் நீர் மூன்று மடங்குக்கும் மேலாகிவிட்டது!

இந்த எண்ணைத்தான் மாணவர்கள் புத்தக அட்டவணையிலிருந்து அப்படியே எடுத்துவிடுகிறார்கள். அந்த அட்டவணை பெரும்பாலும் சரிவு குறைந்த நிலங்களில் கண்ட அளவுகளைக் கொண்டது. நம் மலைச்சரிவுக்கு அப்படியே பொருந்தாது. கணிப்பொறி அதையும் வாங்கிக்கொண்டு அழகான வண்ணப் படம் போட்டுத் தந்துவிடும். படத்தின் அழகைக் கண்டு பிள்ளைகள் மயங்குகிறார்கள் என்பதே என் குறை. பெருமழைக்குப் பின் ஓடையில் சிவந்த நீர் ஓடுகிறதா, தெளிந்த நீர் ஓடுகிறதா, எந்த வரப்பில் நீர் தேங்கும், எங்கே சருகு அடித்துச் செல்லப்படும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அவர்கள் கேட்கும்போது இவற்றைச் சொல்லுங்கள். எண்ணைத் திருத்த அவையே உதவும்.

இந்தக் கணக்கு மலையோடு நிற்பதில்லை. இம்மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் வழியாகவும், சரபங்கா ஓமலூர்ப் பக்கமாகவும் போய்க் காவிரியில் சேர்கின்றன. வாணியாறு மறுபுறம் இறங்கித் தென்பெண்ணையைச் சேர்கிறது. வாணியாறு அணையை நம்பிப் பயிர் செய்வோருக்கும் நம் சரிவில் வழியும் நீரின் அளவு தேவை.

விதையை முளைப்புத்திறன் பார்க்காமல் நாம் விதைப்பதில்லை. மாதிரியையும் அவ்வாறே சோதிக்கச் சொல்கிறோம். பத்தாண்டு மழைக்கணக்கு கையில் இருந்தால், ஏழாண்டை வைத்து மாதிரியை அமைத்து, மூன்றாண்டை மறைத்து வைக்க வேண்டும். மறைத்த ஆண்டுகளின் நீரளவை மாதிரி சரியாகச் சொன்னால்தான் அது தேறும்.

இனி ஊற்றைப் பார்ப்போம். ஒரு 15 லிட்டர் குடம் 30 நொடியில் நிறைகிறது என்றால், நாளொன்றுக்கு 43,200 லிட்டர் கிடைக்கும். மழை நின்றபின் பத்து நாளில் இதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 4,320 லிட்டர் குறைந்ததாகக் கொள்வோம். ஒவ்வொரு பத்து நாளுக்கும் இதே அளவு குறையும் என்று நேர்கோடு போடும் மாணவர், நூறாம் நாளில் ஊற்று வற்றிவிடும் என்பார். ஒவ்வொரு முறையும் அப்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்கு குறையும் என்று கணக்கிடும் மாணவரோ, நூறாம் நாளிலும் சுமார் 15,000 லிட்டர் இருக்கும் என்பார். கடினப் பாறை இடுக்கிலிருந்து வரும் ஊற்று முதலில் வேகமாகவும் பின்னர் மெதுவாகவும் குறைவதே பெரும்பாலும் வழக்கம். ஆயினும் உங்கள் ஊற்று எந்த வகை என்பதை அளந்துதான் அறிய முடியும். புதிதாக நட்ட மிளகுக் கொடிகளையும் காப்பி நாற்றுகளையும் கோடையில் காப்பாற்ற முடியுமா, எத்தனை செடி நடலாம் என்பதெல்லாம் இதைப் பொறுத்தது. நட்டபின் தண்ணீர் போதாமல் போனால் நாற்று விலையும் ஓராண்டு உழைப்பும் வீண்.

ஆகவே மழை முடிந்ததும் பத்து நாளைக்கொரு முறை, அதே குடத்தைக் கொண்டு, அது நிறைய எத்தனை நொடி ஆயிற்று என்று குறித்து வாருங்கள். மழையளவுக்கு, அடியும் வாயும் ஒரே அகலமுள்ள தகர டப்பா போதும். மரத்துக்கும் கூரைக்கும் அவற்றின் உயரத்தைப் போல் இரு மடங்கு தள்ளி, டப்பாவின் வாய் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இருக்குமாறு சாயாமல் நிறுத்துங்கள். காலை 8.30 மணிக்கு அளவுகோலை விட்டு மி.மீ. கணக்கில் எழுதிவிட்டு நீரைக் கொட்டிவிடுங்கள். மழை இல்லாத நாளுக்கு 0 என்று எழுத வேண்டும். அளக்க மறந்த நாளுக்கு ஒரு கோடு போட்டால் போதும். இரண்டையும் ஒன்றாக எழுதிவிட்டால் எங்களால் பிரித்தறிய இயலாது. மாணவர்கள் மீண்டும் வரும்போது அந்தக் குறிப்பேட்டைக் காட்டுங்கள். அவர்கள் போட்ட கணக்கையும் உங்களுக்குக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.